சைதாப்பேட்டையில் கொசு பாடுவதில்லை

சைதாப்பேட்டைக் கொசுக்கள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டன என்று ஷரஃபுதீன் என்னிடம் சொன்னது போன ஆடி மாதம். லஸ் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் எங்கள் சபாவில் அன்றைய கச்சேரிக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. நான் கடைசி வரிசையில் என் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என் முதுகுக்குப் பின்னால்தான் அவருடைய மேஜை. அதன்மேல் முப்பது நாற்பது திருகுகளோடு ஒலி மிக்ஸர்.

“மேடம், உங்க மேற்கு மாம்பலத்துல கொசு பாடிக்கினே வருதா, இல்ல கம்முனு வந்து கடிக்குதா?”

“கொசுன்னா பாடத்தான் செய்யும்.”

“எங்க ஏரியால இல்ல மேடம். ரெண்டு வருஷமா கம்முனு வருது, கடிக்குது, போய்க்கினே கீது. அடிக்கிற மருந்துல அதுக்குக் குரல் போயிடுச்சோ இன்னாவோ.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தெருவுக்கு மருந்து அடிக்க வந்தவரையும் நிறுத்தி இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். ஒரு விஷயம் மண்டைக்குள் புகுந்துவிட்டால் பார்க்கிறவரை எல்லாம் பிடித்து விசாரிக்கிற ஆள் அவர். மிருதங்கத்துக்கு நடுவில் கறுப்பாக வைப்பது ஏன், நாதஸ்வரக்காரர் மைக்கைத் தள்ளி வைக்கச் சொல்வது ஏன் என்று வித்வான்களையே மடக்கியிருக்கிறார். அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். அவருடைய மைக் வேலைதான் பிடிக்காமல் போய்க்கொண்டிருந்தது.

நான் முப்பத்து நாலு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதை வைத்தே சம்பாதித்தவள். கொஞ்சம் சிடுசிடுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு வருஷத்தில் சபாவின் யோசனைப் பெட்டியில் மூன்று சீட்டு போட்டேன். முதல் சீட்டில் “வயலின் காதைக் குத்துகிறது” என்று மரியாதையாக எழுதினேன். இரண்டாவதில் அந்த மரியாதை இல்லை. மூன்றாவதில், “மைக்செட்காரர் காதில் என்ன வைத்து அடைத்திருக்கிறார்?” என்று எழுதினேன். பேர் போடவில்லை. ஆனால் என் கையெழுத்து சபாவில் எல்லோருக்கும் தெரியும்.

ஷரஃபுதீனுக்கு இப்போது ஐம்பத்தாறு வயது. சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் பிறந்தவர். அப்பா மெஹபூப் அலி ரேடியோ ரிப்பேர் பார்த்தார். மகன் பதினேழு வயதில் மைக் செட் கடையில் சேர்ந்தார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், ஆடி மாத அம்மன் கோவில் கூழ் ஊற்றல் என்று எல்லாவற்றுக்கும் மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டுவார். அதற்கு நேர் கீழே துணியை விரித்துப் படுத்துக்கொள்வார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கிற வரைக்கும் நன்றாகத் தூக்கம் வருமாம். ரிக்கார்டு முடிந்து சத்தம் நின்றால்தான் முழிப்பு வருமாம், உடனே எழுந்து அடுத்ததைப் போடுவாராம். பதினோரு வருஷம் அப்படிக் கூம்புக்குக் கீழே தூங்கியதைப் பெருமையாகத்தான் சொல்வார்.

பிறகு எங்கள் சபாவுக்கு வந்தார். இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மேடையில் இருப்பவர்கள் இந்த இருபத்தெட்டு வருஷமும் அவரிடம் பேசியது ஒரே ஒரு விரலால்தான். பாடகி தம்புராவைக் காட்டிக் கட்டை விரலை மேலே தூக்குவார். வயலின்காரர் தன்னைக் காட்டித் தூக்குவார். அதைப் பார்த்த மிருதங்கக்காரர் சும்மா இருப்பாரா, அவரும் தூக்குவார். எல்லோருக்கும் ஏற்றினால் கூரை பிய்த்துக்கொண்டு போகும். அதனால் ஷரஃபுதீன் ஒரு வித்தை வைத்திருந்தார். எழுந்து நின்று, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஒரு திருகைத் தொடுவார். திருப்ப மாட்டார். மேடையில் இருப்பவர் “ஆங், இப்ப சரி” என்று திருப்தியாகத் தலையாட்டுவார்.

“எல்லாரும் கண்ணாலதான் மேடம் கேக்கறாங்க” என்பார் என்னிடம்.

போன பிப்ரவரியில் போலந்திலிருந்து இரண்டு பேர் எங்கள் சபாவுக்கு வாசிக்க வந்தார்கள். யாத்விகா என்று வயலின்காரி, முப்பத்தைந்து வயது இருக்கும். பியானோ வாசிப்பவர் லெஷெக், அவளுடைய கணவர். அவர்கள் நாட்டு இசையமைப்பாளர்கள் எழுதியதை மட்டும் வாசிப்பதாக ஏற்பாடு. எங்கள் செயலாளர் சாய்நாத்துக்கு யாத்விகா என்ற பேரே ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டாவது கடிதம் வந்ததும் முகம் தொங்கிவிட்டது. மைக் வேண்டாம், ஸ்பீக்கர் வேண்டாம் என்று எழுதியிருந்தார்கள்.

“என்ன விசாலம், மைக்கே வேண்டாங்கறாளே! கடைசி வரிசை மாமாக்கள்லாம் எழுந்துண்டு கத்துவாளே! நீ வந்து இங்கிலீஷ்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லேன்.”

அப்படித்தான் நான் ஒத்திகைக்குப் போனேன்.

மத்தியானம் மூன்று மணி. அடையாறிலிருந்து வாடகைக்கு வந்த பெரிய பியானோ மேடையில் மூடியைத் திறந்துகொண்டு நின்றது. ஷரஃபுதீன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, உள்ளே குனிந்து கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை எண்பதைத் தாண்டியதும் கைவிட்டார். சபாவில் பெருக்கித் துடைக்கிற தேவானை பின்வரிசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் முன்பு சைதாப்பேட்டை ஆற்றங்கரையில் ஷரஃபுதீன் வீட்டுக்கு நாலு சந்து தள்ளி இருந்தவள். கரையோர வீடுகளை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் விட்ட பிறகு, இரண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறாள்.

முதலில் மசூர்கா என்று ஒன்றை வாசித்தார்கள். அவர்கள் நாட்டுப்புறத்து நடனமாம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மும்மூன்றாக எண்ணிக்கை. நான் பழக்கதோஷத்தில் தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். நாலாவது சுற்றிலேயே என் கை முன்னால் போய் நின்றது. மூன்று எண்ணினால் மூன்றேகால் இருக்கிறது. அடுத்த சுற்றில் சரியாக மூன்று. கடன் வாங்கிய அந்தக் கால் எண்ணிக்கையை எங்கே திருப்பித் தருகிறார்கள் என்று தேடிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஷரஃபுதீனும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

பிறகு கடைசி உருப்படி. அது முடிகிற இடத்தில் பியானோ ஓய்ந்துவிடும். வயலின் மட்டும், தந்தியை அழுத்தாமல் விரலால் லேசாகத் தொட்டுக்கொண்டு, ரொம்ப உச்சத்தில் ஒரே சுரத்தை இழுக்கும். அது மெலிந்து மெலிந்து போய் இல்லாமல் ஆகவேண்டும். மேடையில் நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. ஹாலுக்கு எட்டுகிறதா என்பதுதான் யாத்விகாவின் கவலை. இந்த ஹாலை நன்றாகத் தெரிந்த ஒருவர் கடைசி வரிசையில் நின்று சொல்லவேண்டும் என்றாள். இருபத்தெட்டு வருஷம் இங்கே கேட்டவர் என்று ஷரஃபுதீனைக் காட்டினேன். அவள் அவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

வாசித்து முடித்தார்கள். நடு ஹாலில் நின்ற சாய்நாத் கண்ணை மூடிக்கொண்டு, “ஆஹா! திவ்யம்!” என்றார். கடைசி வரிசையில் ஷரஃபுதீன் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“பாதி வரைக்கும் எல்லாம் சூப்பர் மேடம். கடைசில வில்லு போவுது, வருது. சத்தம் இல்ல. வாசிக்கிறாங்களா, சும்மா ஆக்‌ஷனா?”

நான் மொழிபெயர்த்ததும் யாத்விகாவின் முகம் வாடிவிட்டது. இன்னொரு தரம் வாசித்தாள். அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். கேட்கவில்லை.

கணவனும் மனைவியும் தங்கள் மொழியில் பேசிக்கொண்டார்கள். அவள் என்னிடம் சொன்னாள்: “மைக் வைத்தால் அந்தச் சுரம் விசில் மாதிரி ஆகிவிடும். எட்டாது என்றால் இந்த உருப்படியையே விட்டுவிடுகிறோம். இதைத்தான் இங்கே வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தேன்.”

சாய்நாத்துக்கு உள்ளூர நிம்மதி. “விடவெல்லாம் வேண்டாம்மா. நம்ம ஹால் பெரிசு, பின்னாடி போகலை, அவ்வளவுதானே? ஷரஃபு, மைக்கைக் கொண்டுவந்து போட்டுடு. நீ பாத்துப்பியோல்லியோ?”

ஷரஃபுதீன் போய் ஸ்டாண்டை எடுத்தார். நான் மேடையிலிருந்து இறங்கி அவரிடம் போயிருந்தேன். ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு இரண்டடி வந்தவர் நின்றுவிட்டார். தேவானை கையில் துடைப்பத்தோடு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா பாக்கற?”

“இல்ல பாய், அந்தப் பொண்ணு கடைசில வாசிச்சுதே, எப்படித்தான் அவ்ளோ மெலிசா வருதோ.”

ஷரஃபுதீன் ஸ்டாண்டைக் கீழே வைத்தார். “உனக்குக் கேட்டுச்சா?”

“கேட்டுச்சே.”

“இங்க வா. கண்ணை மூடு. சத்தம் கேக்கற வரைக்கும் ஒரு வெரலைத் தூக்கிக்கினு இரு. நின்னுச்சுன்னா எறக்கு.”

“இன்னா பாய், ஆஸ்பத்திரி மாதிரி கீது?”

“மேடம், அந்தக் கடைசியை மட்டும் ஒருவாட்டி வாசிக்கச் சொல்லுங்க.”

சொன்னேன். தேவானை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, ஆள்காட்டி விரலைத் தூக்கி நின்றாள். யாத்விகாவின் வில் நகர்ந்தது. கடைசி வரிசையில் நின்ற எனக்கும் கேட்டது, நூல் மாதிரி. தேவானையின் விரல் அசையவில்லை. வில் தந்தியை விட்டு எழுந்த அதே கணத்தில் விரல் இறங்கியது.

யாத்விகாவுக்குப் புரிந்துவிட்டது. குறும்பாக மறுபடி ஆரம்பித்து, பாதியில் பட்டென்று நிறுத்தினாள். விரல் பட்டென்று இறங்கியது. மேடையில் இருவரும் சிரித்துவிட்டார்கள்.

“கேக்குதே பாய். கொசு காதாண்ட வந்து பாடுமே, அந்த மாதிரி மெலிசா.”

ஷரஃபுதீன் அவளையே பார்த்தார். “கொசு பாடுதா?”

“நல்லா கேட்டீங்க போ. பெரும்பாக்கத்துல ராத்திரி பூரா அதானே கச்சேரி.”

“சைதாப்பேட்டைல?”

“போன வாரம் எங்க அக்கா ஊட்டுக்கு வந்தேனே. அங்க இன்னும் ஜாஸ்தி.”

அவர் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆடி மாதத்தில் நான் சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது.

சாய்நாத் நடு ஹாலிலிருந்து குரல் கொடுத்தார். “ஷரஃபு, அவளுக்கு என்னய்யா தெரியும்? நீ இத்தனை வருஷம் கேட்டவன். நீ கேக்கலைன்னா கேக்கலைதான். மைக்கைப் போடு.”

அவர் மைக்கைப் போட்டிருக்கலாம். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்த ஒரு உருப்படி போயிருக்கும், அவருடைய வேலை இருந்திருக்கும். அவர் ஸ்டாண்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, ஹால் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்:

“சார், ஹால்ல ஒண்ணும் கோளாறு இல்ல. என் காதுதான் போச்சு. அவங்க வாசிக்கட்டும், மைக் வேணாம்.”

சாய்நாத் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “கச்சேரி முடியட்டும், அப்புறம் பேசிக்கலாம்” என்று சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போய்விட்டார். எங்கள் சபாவில் ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று அவர் சொன்ன யாரும் பிறகு அங்கே நீடித்ததில்லை.

நாலரைக்கு எதிர்த்த டீக்கடையில் நானும் அவரும் நின்றோம். அவர் டீயைக் குடிக்கவில்லை.

“உங்க சீட்டு மூணையும் சார் என்கிட்ட காட்டினாரு மேடம். உங்களுக்குத்தான் வயசாயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

“அதனால என்ன?”

“எனக்குக் கேக்கணும்னு வயலினை ஏத்திக்கினே போயிருக்கேன். ரெண்டு வருஷமா ஜனங்க காதைக் குத்திக்கினு இருந்திருக்கேன். கொசுவைப் போய்க் குத்தம் சொன்னேன்.”

மூன்றாவது சீட்டில் நான் எழுதிய வரியை நினைத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்டார், நிஜமாகவே தெரியாதவர் மாதிரி. நான் விளக்கவில்லை.

ஆறரைக்கு ஹால் முக்கால்வாசி நிறைந்தது. ஷரஃபுதீன் வழக்கம்போல் தன் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தார். மிக்ஸரில் ஒரு விளக்குகூட எரியவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பிய தேவானையை, இதைக் கேட்டுவிட்டுப் போ என்று நான்தான் நிறுத்தினேன். அவள் அவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்கு முன்னால் மேடை, பின்னால் அவர்கள் இருவரும். இரண்டு பக்கமும் பார்ப்பதற்காக நாற்காலியைக் குறுக்காகத் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

வயலின் தொடங்கிய அரை நிமிஷத்தில் நாலாவது வரிசையிலிருந்து ஒரு மாமா, “மைக் வேலை செய்யலை!” என்று கத்தினார். ஹாலே திரும்பி ஷரஃபுதீனைப் பார்த்தது. அவர் எழுந்து நின்று, அணைந்து கிடந்த மிக்ஸரில் ஒரு திருகைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். மாமா, “ஆங், இப்ப சரி” என்றார்.

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு ஒரு கூத்து. முதல் உருப்படி மூன்று பாகம், மூன்றும் முடிந்த பிறகுதான் கை தட்டவேண்டுமாம். முதல் பாகம் முடிந்து யாத்விகா வில்லை இறக்கி மூச்சு வாங்கியதும் பலத்த கைதட்டல். அதுதான் சமயம் என்று சாய்நாத் இரண்டு பொன்னாடைகளோடு மேடையேறிவிட்டார். எங்கள் ஊரில் கச்சேரி நடுவில் போர்த்துவதுதானே வழக்கம். லெஷெக் பொன்னாடையோடு மீதி இரண்டு பாகத்தையும் வாசித்தார். அதற்கப்புறம் எங்கே தட்டுவது, எங்கே தட்டக்கூடாது என்று யாருக்கும் தைரியம் இல்லை. மசூர்காவுக்குத் தொடையில் தாளம் போட்டவர்கள் வழியில் தொலைந்துபோய், பக்கத்துத் தொடையைப் பார்த்தார்கள். ஆனால் யாரும் காண்டீனுக்கு எழுந்து போகவில்லை. இது எங்கே போகிறது என்று பார்த்துவிடவேண்டும் என்கிற பிடிவாதம் ஹாலுக்கே வந்திருந்தது.

கடைசி உருப்படிக்கு ஏசியை நிறுத்தச் சொல்லியிருந்தேன். அதன் உறுமல் நின்றதும் தெருவில் ஒரு ஆட்டோ போவதுகூடக் கேட்டது. நோட்டீஸை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

பியானோ ஓய்ந்தது. வயலின் உச்சிக்குப் போயிற்று.

நான் திரும்பிப் பார்த்தேன். யாரும் சொல்லாமலே தேவானை கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலைத் தூக்கியிருந்தாள். ஷரஃபுதீன் மேடையைப் பார்க்கவில்லை. அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுரம் மெலிந்துகொண்டே போயிற்று. நான் கேட்கிறேனா, கேட்பதாக நினைக்கிறேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. விரல் இன்னும் நின்றது. அவர் உதடு அசைந்தது, எண்ணிக்கொண்டிருந்தார் போல.

விரல் இறங்கியது.

முந்நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த ஹாலில், முதல் கைதட்டல் என் பின்னாலிருந்து வந்தது. ஷரஃபுதீன் எழுந்து நின்று தட்டினார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஹால் முழுவதும் தட்டியது. யாத்விகா கடைசி வரிசையைத் தேடி, வில்லை உயர்த்தினாள்.

கூட்டம் கலைந்த பிறகு சாய்நாத் நடைபாதை வழியாக எங்களிடம் வந்தார். ஷரஃபுதீன் மேஜையைப் பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கொடுத்துவிடத் தயாராக இருந்தார் என்று பார்த்தாலே தெரிந்தது. சாய்நாத் சாவியைப் பார்க்கவில்லை.

“ஏன்யா, முடிஞ்சுடுத்துன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு அது ஆரம்பிச்சதே தெரியலையே.”

நாங்கள் மூன்று பேரும் அவரைப் பார்த்தோம்.

“மத்தியானம் திவ்யம்னேளே?” என்றேன்.

“செகரட்டரி பின்ன என்ன சொல்லுவான், விசாலம்? நாலு வருஷமா ஆத்துல காலிங்பெல்கூடக் கேக்கலை. அதான் சவுண்ட் செக்ல ஏத்து ஏத்துன்னுண்டே இருந்தேன்.”

அவர் ஏற்றச் சொல்ல, இவர் ஏற்ற, நடுவில் நான் சீட்டு போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை.

ஷரஃபுதீன் தேவானையைக் கைகாட்டினார். சாய்நாத் அவளை முதல் தடவை பார்ப்பது போலப் பார்த்தார்.

“நாளைக்குப் பாட்டுக் கச்சேரி. நாலு மணிக்கு வரியாம்மா?”

“பெருக்கறதுக்கா சார்?”

“கேக்கறதுக்கு. இவன் திருகட்டும், நீ பக்கத்துல உக்காந்து கேட்டுச் சொல்லு.”

“அப்ப தொடப்பத்தை யாரு புடிப்பா?” என்றாள் தேவானை. அதற்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்று சாய்நாத் சொல்லவேண்டியதாயிற்று. ஷரஃபுதீன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ஏசி இன்னும் நின்றே இருந்தது. தெருப்பக்கக் கதவு திறந்திருந்ததால் கொசு உள்ளே வந்துவிட்டது. ஷரஃபுதீன் தன் முழங்கையில் பட்டென்று அடித்து, உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். பிறகு தேவானையிடம் காட்டினார்.

“பாடுச்சா?”

“பாடிக்கினேதான் பாய் வந்துச்சு.”